முட்டையில் பச்சை வளையம்: நான் சரிசெய்த விதம்

என் மகள் அவித்த முட்டையைத் தொடவே மாட்டாள். "நாத்தம் அடிக்குதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சையில் ஒரு வளையம் வேறு. முட்டை பழசு என்று நினைத்துக் கடையை மாற்றினேன், பயனில்லை.

தப்பு என் அடுப்பில்தான் இருந்தது. காலை அவசரத்தில் முட்டையைக் கொதிக்க வைத்துவிட்டு 20 நிமிடம் மறந்துவிடுவேன். அவ்வளவு நேரம் வெந்தால் வெள்ளைக்கருவின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகப் பிரிந்து, மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் குழந்தையிடம் அதைச் சொல்லிச் சாப்பிட வைக்க முடியுமா?

இப்போது தண்ணீர் கொதித்தபின் முட்டையை மெதுவாக இறக்கி, 10 நிமிடம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் போடுகிறேன். வளையம் போய்விட்டது, வாடையும் இல்லை. முட்டைக்கோஸும் அப்படித்தான்: குழைய வேகவிடாமல் சட்டென்று வதக்கி இறக்கினால் அந்த நாற்றம் வராது.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. முடிக்கும் நகத்துக்கும் உறுதி தரும் கெரட்டின் என்ற புரதத்தில் கந்தகம் நிறைய. அந்தக் கந்தகம் நமக்குப் பெரும்பாலும் புரதத்தின் கூறுகளான மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் வழியாகத்தான் கிடைக்கிறது. மெத்தியோனினை உடம்பால் தயாரிக்க முடியாது. பருப்பில் அது குறைவு. முட்டை, மீன், எள்ளில் நன்றாக இருக்கிறது. பருப்போடு சோறு சேரும்போது அந்தக் குறை ஓரளவு ஈடாகிவிடும். முட்டை இல்லாத நாளில் இட்லிக்கு எள்ளுப்பொடி வைக்கிறேன். அதை அவளே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.