மல்டிபிளேயர் கேமுக்குக் காசு போடும் முன் ஒரு கணக்கு

"200 மணி நேரம் ஆடியிருக்கேன், கொடுத்த காசை வகுத்துப் பார்த்தா மணிக்குச் சில்லறைதான்" என்று நானும் ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன். தனியாக ஆடி முடிக்கிற கதை கேமுக்கு அது ஓரளவு சரி. ஆன்லைன் மல்டிபிளேயரில் இந்தக் கணக்கு உதைக்கும், ஏனென்றால் அங்கே பல கேம்கள் நம் மணிக்கணக்கை ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை: தினம் எட்டிப் பார்த்தால் ஒரு பரிசு, வாரத்துக்கு இத்தனை டாஸ்க், சீசன் முடிய நாலே நாள் பாக்கி என்று ஓடுகிற ஒரு கடிகாரம். அந்த 200-இல் ஆசையாக ஆடியது எத்தனை, கடனே என்று ஆடியது எத்தனை? இரண்டாவதைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள்.

வகுக்கும் முன் செலவையும் சரியாகக் கூட்ட வேண்டும். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் அக்கவுன்ட் விவரத்துக்குள் இதுவரை வாங்கியதெல்லாம் பட்டியலாக இருக்கிறது, போனில் ஆப் ஸ்டோரிலேயே கிடைக்கும். கேமின் விலை, எக்ஸ்பான்ஷன் (பின்னால் விற்கிற கூடுதல் பகுதி), பாஸ், ஸ்கின் (தோற்றத்தை மட்டும் மாற்றுகிற உடை, கவசம்), கன்சோல் என்றால் ஆன்லைனில் ஆடவே கட்டுகிற பிளேஸ்டேஷன் பிளஸ் மாதிரி சந்தா (ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேமுக்கு அது வேண்டாம், காசு கொடுத்து வாங்கிய கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டும்), எல்லாவற்றையும் சேருங்கள். நான் கூட்டியபோது முதலிடத்தில் நின்றது இலவசம் என்று டவுன்லோடு செய்த கேம். அதில் ஒரு தங்கக் கவசம் வாங்கியிருக்கிறேன். நம் கண் வழியாகவே பார்த்து ஆடுகிற ஷூட்டர் அது, அதனால் எனக்குத் தெரிந்தது கையுறை மட்டும்தான், முழுக் கவசத்தையும் பார்த்து ரசித்தவர்கள் என்னைச் சுட்டவர்கள்.

சரி, புதிதாக ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி கிராபிக்ஸ் பற்றியதல்ல, யாருடன் ஆடப் போகிறீர்கள் என்பதுதான். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோ-ஆப் கேம் (எல்லோரும் ஒரே அணியாக ஆடுவது) வாங்கினோம், முதல் வாரம் தூக்கமே இல்லை, மூன்றாவது வாரம் மூன்று பேர், அப்புறம் ஒருநாள் லாபியில் (ஆட்டம் தொடங்கும் முன் காத்திருக்கும் இடம்) நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து, "வாங்கலாம்டா" என்று குரூப்பில் யாராவது சொன்னால் "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறேன். பதில் வரவில்லையென்றால் வாங்குவதில்லை. நாள் குறித்து ஆட நாலு பேர் இருந்தால் சுமாரான கேம்கூடக் கொடுத்த காசுக்கு மேலேயே தரும், இது என் அனுபவம்.

நண்பர்கள் இல்லாமல் முன்பின் தெரியாதவர்களோடுதான் ஆடப் போகிறீர்களா? அப்படியென்றால் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீம்டிபி தளத்தில் ஒரு கேமை இந்த நிமிடம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது தெரியும், நீங்கள் வழக்கமாக ஆடுகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். அது உலகம் முழுவதற்குமான எண் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பக்கத்து சர்வரில் ஆளில்லையென்றால் மேட்ச் கிடைக்கவே நேரமாகும், கிடைத்தாலும் பிங் (நாம் தட்டியது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எகிறும். இதைச் சோதிக்க ஸ்டீமின் ரீஃபண்ட் விதி நல்ல வழி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த 2 மணியை முகம் வடிவமைப்பதிலும் டுடோரியலிலும் கரைத்துவிடாமல் முடிந்தவரை சீக்கிரம் மேட்சுக்குள் போய்விடுங்கள்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதுதான் இதில் குழப்பமான விஷயம். 2012-இல் காசுக்கு வந்த கவுன்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ் 2018-இல் இலவசமானது, 2015-இல் வந்த ராக்கெட் லீக் 2020-இல். ஆனால் எல்லா கேமுக்கும் அந்த ஆயுள் கிடையாது. கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியாகி, செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது, வாங்கியவர்களுக்கு சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2014-இல் வந்த கார் பந்தய கேமான தி க்ரூவின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியதும், தனியாக ஓட்டலாம் என்று வாங்கியவர்களாலும் அதைத் திறக்க முடியாமல் போனது. அதனால் என் வழி இது: புது நிறுவனம், புது கேம் என்றால் ஒரு மாதம் பொறுத்து, கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவேன்; ஒரு வருடம் காத்திருக்க மாட்டேன், அதற்குள் ஊரே வேறு கேமுக்குக் குடிபோயிருக்கும்.

மாதச் சந்தா கேம்களைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள், எனக்கு என்னவோ அவைதான் நேர்மையாகத் தெரிகின்றன, மாதம் எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே. 2004-இல் இருந்து ஓடுகிற வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அந்த ரகம். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் 70-ஆம் லெவல் வரை நாள் கணக்கு இல்லாமல் இலவசமாக ஆடலாம், சந்தா கட்டும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள். கட்டிய அன்றே ஆட்டோ ரின்யூவலை நிறுத்தி வைப்பது நல்லது; கட்டிய மாதம் முடியும்வரை ஆடலாம், அடுத்த மாதம் ஆசை இருந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

பேட்டில் பாஸை (ஒரு சீசனில் லெவல் ஏற ஏறப் பரிசு தருகிற, காசு கொடுத்து வாங்கும் பாஸ்) சீசன் ஆரம்பத்தில் வாங்கவே வாங்காதீர்கள். பல கேம்களில் கடைசி வாரம் வாங்கினாலும் அதுவரை ஏறிய லெவலுக்கான பரிசுகள் மொத்தமாக வந்து விழும், எவ்வளவு ஏறினோம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஹெல்டைவர்ஸ் 2, ஹேலோ இன்ஃபினிட் மாதிரி காலாவதி ஆகாத பாஸ் என்றால் அந்த அவசரமே இல்லை.

லூட் பாக்ஸ் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் திறக்கிற பரிசுப் பெட்டி) விஷயத்தில் என்னிடம் நுணுக்கம் எதுவும் கிடையாது, வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018-இலேயே சொல்லிவிட்டது.

கேமுக்குள் விற்கிற காசு இன்னொரு பொறி. 1,200 காயின் விலையுள்ள பொருளுக்கு 1,000 காயின் பொட்டலம் விற்பார்கள், இரண்டு வாங்கினால் 800 மிஞ்சும், அந்த 800-ஐ வீணாக்கக் கூடாதே என்று மூன்றாவது வாங்குவோம். எந்தப் பொருளையும் முதலில் உங்கள் நாட்டுப் பணமாக மாற்றி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பாதி ஆசை அங்கேயே அடங்கும். மீதி ஆசைக்கு, கார்டு விவரத்தை அக்கவுன்டிலிருந்து அழித்துவிடுங்கள். ஃபோர்ட்நைட்டில் பட்டன்களின் அமைப்பே ஆடுகிறவர்களை அறியாமல் வாங்க வைக்கிறது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம் சாட்டி, 2022 டிசம்பரில் அந்த கேமைச் செய்த எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கார்டை எழுந்துபோய் எடுத்து வந்து 16 எண்ணையும் தட்ட வேண்டியிருந்தால், அந்தத் தங்கக் கவசத்தை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.