அமெரிக்கப் பட்டப்படிப்பில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு

ஒவ்வொரு பாடத்துக்கும் எவ்வளவு உழைப்பு என்பதை எண்ணால் அளக்கும் கிரெடிட் முறையை, நம் கல்லூரிகளில் அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டோம். அதன் கணக்கை விட்டுவிட்டோம். அங்கே 3 கிரெடிட் பாடம் என்றால் வாரம் 3 மணி நேரம் வகுப்பு, வெளியே ஏறக்குறைய 6 மணி நேரம் மாணவரின் சொந்த உழைப்பு. செமஸ்டருக்கு 15 கிரெடிட் வீதம் எட்டு செமஸ்டரில் 120 சேர்ந்தால் பட்டம். அதற்கே வாரம் 45 மணி நேரம் ஆகிறது. இங்கே வாரம் 25 மணி நேரம் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டு, அங்கே கொடுக்கும் அளவு வீட்டுப்பாடமும் கொடுத்தால், பிள்ளைகள் பார்த்துத்தான் எழுதுவார்கள். அட்டவணையை மாற்ற முடியாத ஆசிரியர், வாரத்தில் ஒரு வகுப்பைக் கணக்குப் போடுவதற்கென்றே விட்டுவிடலாம்.

முதல் நாளே மூன்று பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுங்கள். பல்கலைக்கழகம் தரும் பாடத்திட்டம் அல்ல. எந்த வாரம் எந்தப் பக்கங்கள், வீட்டுப்பாடத்தை எந்த நாளில் தர வேண்டும், எதற்கு எத்தனை சதவீதம், தாமதித்தால் எவ்வளவு குறையும் என்று நீங்களே எழுதியது. சேர்ந்து பேசலாமா, எதுவரை பேசலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். பேசிக்கொள்ளட்டும், எழுதுவது தனியாக, யாரோடு பேசினார்கள் என்ற பெயர் தாளின் மேலே: இது அங்கே பல வகுப்புகளில் உள்ள விதி. நடுவில் சதவீதத்தை மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினாலும் அந்தத் தாளை அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டுப்பாடமாக வாரம் ஐந்து கணக்கு போதும். 60 பேர் வகுப்பில் ஐந்தையும் திருத்தினால் மூன்றாம் வாரமே கட்டு தேங்கிவிடும். எந்த இரண்டு என்று முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டை மட்டும் திருத்தி, மற்றவற்றுக்கு விடையை ஒட்டிவிடுங்கள். முழுக் கணக்கின் மேல் பெருக்கல் குறி போடுவதில் பயனில்லை. கிலோமீட்டரை மீட்டராக மாற்றாமல் விட்ட அந்த ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டு, மீதி வழி சரியென்றால் 10-க்கு 7 கொடுங்கள். ஏழு நாளுக்குள் தாள் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் போனால் வட்டத்தை யாரும் பார்ப்பதில்லை, மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்பதற்கான நேரம், ஆபீஸ் ஹவர்ஸ், என்று வாரம் இரண்டு மணி நேரம் அறையில் உட்கார்ந்தால், முதலில் ஒருவரும் வரமாட்டார்கள். ஆசிரியர் அறைக்குப் போவது திட்டு வாங்கத்தான் என்பது பள்ளியிலிருந்தே வந்த பழக்கம். அதனால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஐந்து ஐந்து பேராகப் பத்து நிமிடம் கட்டாயம் வரச் சொல்லுங்கள். 60 பேருக்கும் சேர்த்து இரண்டே மணி நேரம். அப்போது 'புரியல சார்' என்று வருபவரிடம், எந்த வரிவரை போட்டாய் என்று தாளைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் தாள் என்றால், முதல் வரியை அங்கேயே எழுத வைத்து அனுப்புங்கள்.

மதிப்பெண் போடும்போது ஒவ்வொருவருக்கும் வீட்டுப்பாடத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் வந்த இரண்டு வாரங்களைக் கழித்துவிடுங்கள். காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று வரும் விடுப்புக் கடிதங்களை விசாரித்துக்கொண்டிருக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.