குதிரைக்குப் பூச்சி மருந்து: தேதி பார்த்துக் கொடுப்பதில் உள்ள கோளாறு

குதிரை வளர்ப்பவர்களிடம் குடற்புழு நீக்கம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும், "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மருந்து குடுத்துடுவோம்" என்பார்கள். இது 1960-களில் அமெரிக்காவில் போட்ட கணக்கு. அன்று பெரிய ஸ்ட்ராங்கைல் என்ற குடற்புழுவின் லார்வாக்கள் (இளம்புழுக்கள்) குடலுக்கு ரத்தம் போகும் தமனியில் (ரத்தக் குழாயில்) புகுந்து அடைத்து, குதிரைகளைச் சாகடித்துக்கொண்டிருந்தன. அதை ஒடுக்க அந்த அட்டவணை நன்றாகவே உதவியது. இன்று வளர்ந்த குதிரைகளில் அதிகம் இருப்பது சிறிய ஸ்ட்ராங்கைல். அது பல நாடுகளில் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்துக்கு அசைவதில்லை. எல்லாக் குதிரைக்கும் தேதி வைத்துக் கொடுத்துக்கொண்டே போனால், மருந்துக்குத் தப்பிய புழு மட்டும் வாரிசு பெற்றுப் பெருகும்.

பத்துக் குதிரை உள்ள லாயத்தில் புழு முட்டையில் பெரும்பங்கைப் போடுவது இரண்டு மூன்று குதிரைதான். பளபளவென்று கொழுத்து நிற்பதும் அதில் ஒன்றாக இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. லத்தியைச் சோதிக்க வேண்டும். அப்போதுதான் போட்ட லத்தியில் ஒரு கைப்பிடி எடுத்து, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, குளிர்ச்சியாக வைத்து (ஃப்ரீசரில் அல்ல) ஒரு நாளைக்குள் சோதனைக்குச் சேர்த்துவிடுங்கள். உங்கள் கால்நடை மருத்துவரே வழி சொல்வார். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு கிராமில் 200 முட்டைக்குக் கீழே என்றால் குறைவு, 500-க்கு மேல் என்றால் அதிகம். அதிகம் போடும் குதிரைக்குத்தான் கூடுதல் மருந்து.

மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி சோதிப்பதை அநேகமாக யாரும் செய்வதில்லை. அதில்தான் குட்டு உடையும். முட்டை கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தால் சரி. பாதிதான் குறைந்திருக்கிறது என்றால் அந்த மருந்துக்குச் செலவழிப்பது வீண். அப்புறம், அட்டைப்பெட்டியின் பெயரை மாற்றிவிட்டு மருந்தை மாற்றியதாக நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மருந்துச் சரக்கைப் படியுங்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. குடல் சுவரில் பதுங்கிய லார்வா முட்டை போடாது. நாடாப்புழு பெரும்பாலும் இந்தச் சோதனையில் சிக்காது. அதனால் முட்டையே இல்லை என்று வந்தாலும், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்தாக வேண்டும்.

அடுத்த தவறு, கண்ணால் எடை போடுவது. அநேகமாகக் குறைவாகத்தான் மதிப்போம். அரைகுறை அளவு புழுவைக் கொல்லாது, பழக்கும். தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். அதைத் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். எல்லாம் சென்டிமீட்டரில். நெஞ்சு 150, நீளம் 130 என்றால் ஏறக்குறைய 246 கிலோ. பேஸ்ட் மருந்து வரும் சிரிஞ்சில் எடை குறித்திருக்கும், அதன் வளையத்தை 250-ல் நிறுத்துங்கள். வாயில் மென்ற புல் இருந்தால் மருந்தும் அதோடு வெளியே வந்துவிடும். முதலில் வாயைச் சுத்தம் செய்யுங்கள்.

குட்டிகளின் கதை வேறு. அவற்றுக்கு எமன் பெரிய உருளைப்புழு. அது பல இடங்களில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துக்குச் சாவதில்லை. வயிறு நிறையப் புழு உள்ள குட்டிக்கு வேகமாகச் செயல்படும் மருந்தைக் கொடுத்தால், செயலிழந்த புழுக்கள் மொத்தமாகச் சேர்ந்து குடலை அடைக்கும். குட்டி விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

நம் ஊரில் நான் அதிகம் பயப்படுவது மாட்டு மருந்துக்குத்தான். உண்ணிக்காக மாட்டின் மேல் அடிக்கும் அமிட்ராஸை மிச்சம் இருக்கிறதே என்று குதிரை மேல் அடிப்பார்கள். குதிரையின் பெருங்குடல் அசைவு நின்று, லத்தி இறுகி, வயிற்றுவலியில் புரளும், செத்தும் போகலாம். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியும் வேண்டாம், போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டும் ஆபத்து உண்டு. குதிரைக்கு அது வாய்வழியேதான்.

மேயும் இடத்தில் வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளினால் மருந்துத் தேவை நன்றாகக் குறையும். அள்ளியதை அதே புல்லில் உரமாகக் கொட்டாமல் குவித்து மக்கவிடுங்கள். கால் மயிரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் புள்ளிகள், குதிரை வயிற்றில் புழுவாக வளரும் பாட் ஈயின் முட்டை. மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுக்கலாம். மருந்து கொடுக்கும்போது தரையில் சிந்தும் பேஸ்ட்டைத் துடைத்துவிடுங்கள். லாயத்து நாய் அதை நக்கினால் விஷமாகலாம், கோலி இன நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.