மைன்கிராஃப்ட் சேவ் கோப்பைக் கோட் எழுதித் திருத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் இரண்டு மாணவர்கள் பைத்தானில் எழுதிய ஒரு சின்ன லைப்ரரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். மைன்கிராஃப்ட் உலகத்தின் சேவ் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் ஆன லைப்ரரி. படிக்கும் பகுதி நன்றாக இருந்தது. எழுதும் பகுதியைத் திறந்தால், பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே தவறான வரி அப்படியே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், கோப்பின் பாதையைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் ஜாவா பதிப்புக்கு மட்டும். பெட்ராக் பதிப்பு உலகத்தைச் சேமிக்கும் முறையே வேறு.

சங்கைப் பழைய இடத்திலேயே திரும்ப எழுதுவது

முதலில் கோப்பின் அமைப்பு. மைன்கிராஃப்ட் உலகம் 16-க்கு 16 கட்ட அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒரு துண்டுக்குப் பெயர் சங்கு (chunk). ஒரு .எம்சிஏ கோப்பில் (ரீஜன் என்பது இதைத்தான்) 32-க்கு 32 என்று 1024 சங்குகள் வரை இருக்கும். கோப்பு 4096 பைட் கொண்ட செக்டார்களாகப் பிரிந்திருக்கும். முதல் செக்டார் முழுக்க ஒரு முகவரி அட்டவணை. ஒவ்வொரு சங்குக்கும் அதில் 4 பைட்: எந்தச் செக்டாரில் தொடங்குகிறது என்பதற்கு 3, எத்தனை செக்டார் என்பதற்கு 1. இரண்டாவது செக்டாரில் நேரக் குறிப்புகள். அதற்கப்புறம்தான் சுருக்கப்பட்ட சங்குகள் வரும்.

புதிதாக எழுதுபவர்கள் என்ன செய்கிறார்கள்? சங்கைப் படித்து, விரித்து, ஏதோ ஒன்றை மாற்றி, மறுபடி சுருக்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். சங்கு பெரிதாகியிருக்குமே என்று யாரும் பார்ப்பதில்லை.

என் அக்கா மகனின் உலகத்தில் நான் இதைத்தான் செய்தேன். அவன் கட்டிய நூலகத்தின் பலகைகளில் ஸ்கிரிப்ட் மூலம் வாசகங்கள் எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன் ஒரே செக்டாரில் அடங்கியிருந்த சங்கு, வாசகம் சேர்ந்ததும் 4096 பைட்டைத் தாண்டிவிட்டது. தாண்டிய பைட்டுகள் அடுத்த செக்டாரின் தொடக்கத்தில் போய் விழுந்தன. விளையாட்டைத் திறந்து பார்த்தோம். பலகைகள் எல்லாம் சரியாக இருந்தன. மூன்று வாரம் கழித்து அவன் கூப்பிட்டான். “மாமா, கலங்கரை விளக்கத்த பாதியா யாரோ வெட்டி எடுத்த மாதிரி இருக்கு.” போய்ப் பார்த்தால், 16-க்கு 16 அளவில் கத்தி வைத்து அறுத்தது போன்ற ஒரு சதுரம். கோபுரத்தின் ஒரு பாதி நிற்கிறது. மற்ற பாதி இருந்த இடத்தில் புல்லும் ஒரு மரமும்.

கோப்பில் அடுத்தடுத்து இருக்கும் சங்குகள் வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நூலகத்தில் எழுதினேன், சேதம் எங்கோ கடற்கரையில். கெட்டுப்போன சங்கைப் படிக்க முடியாதபோது விளையாட்டு அந்த இடத்தில் புது நிலத்தை உருவாக்கிவிடுகிறது. விளையாட்டின் லாக் பதிவேட்டில் ஒரு பிழை வரி இருக்கும். யார் அதைப் படிக்கிறார்கள்? அதற்குள் வாராந்திர பேக்கப்பும் கெட்ட கோப்பின் மேலேயே எடுக்கப்பட்டிருந்தது. கோபுரம் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு ஒப்பீட்டு வரி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த வரி இதுதான். சுருக்கிய தரவின் நீளத்தோடு 5 பைட்டைக் கூட்டுங்கள்: நீளத்துக்கு 4, சுருக்க வகைக்கு 1. கோப்பில் எழுதும் நீளத்தில் அந்த வகை பைட்டும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். கூட்டியதை 4096-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள். பழைய செக்டார் எண்ணிக்கைக்குள் அடங்கினால் மட்டும் அதே இடம். இல்லையென்றால் கோப்பின் கடைசியில் எழுதுங்கள். தரவு முதலில், முகவரி அட்டவணை அப்புறம். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய சங்கு பிழைக்கும்.

நான் இப்போது அதுகூடச் செய்வதில்லை. கோப்பு முழுவதையும் வேறொரு தற்காலிகக் கோப்பில் புதிதாக எழுதி, கடைசியில் பெயர் மாற்றிவிடுகிறேன். சில எம்பிதான், நேரமே ஆகாது.

சோதனையும் முக்கியம். நீங்கள் மாற்றிய சங்கைத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மீதி 1023-ஐயும் எழுதுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். அந்த மாணவர்களின் கோடில் இந்தச் சோதனையைச் சேர்த்து, ஒரு சங்கை வேண்டுமென்றே பெரிதாக்கி ஓட்டினோம். முதல் ஓட்டத்திலேயே இன்னொரு சங்கு கெட்டது.

இன்னொன்று: செக்டார் எண்ணிக்கைக்கு ஒரே பைட் என்பதால் உச்சம் 255, அதாவது ஏறக்குறைய 1 எம்பி. அதைத் தாண்டும் சங்கை 1.15 பதிப்பிலிருந்து தனி .எம்சிசி கோப்பில் வைக்கிறார்கள். உங்கள் லைப்ரரிக்கு அது தெரியாதென்றால் பிழை காட்டி நின்றுவிடட்டும். எண்ணைச் சத்தமில்லாமல் வெட்டி எழுத வேண்டாம்.

விளையாட்டு ஓடும்போது எழுதுவது

கூடவே கூடாது.

மைனஸ் எண்கள்

சங்கு -1 இருப்பது ரீஜன் -1-இல், 0-இல் இல்லை. எந்த ரீஜன் என்று அறிய சங்கின் எண்ணை 32-ஆல் வகுத்துத் தசமத்தை வெட்டினால் 0 வரும். கீழ்நோக்கி முழுமையாக்குங்கள்.

ஜேசனாக மாற்றித் திரும்ப எழுதுவது

ஜேசன் (JSON) என்பது தரவை எளிய உரையாக எழுதும் வடிவம். பார்க்க வசதி, திரும்ப எழுத ஆபத்து. சங்குக்குள் தரவு இருக்கும் என்பிடி (NBT) வடிவத்தில் முழு எண்ணுக்கே பைட், ஷார்ட், இன்ட், லாங் என்று நான்கு வகை உண்டு. தசம எண்ணுக்கு ஃப்ளோட், டபுள் என்று இரண்டு: ஒரு உயிரினம் நிற்கும் இடம் டபுள் பட்டியல், அது பார்க்கும் திசை ஃப்ளோட் பட்டியல். ஜேசனுக்கு இரண்டும் வெறும் எண்தான். திரும்பி வரும்போது வகை தொலைந்துவிடும். லைப்ரரி தரும் வகைப் பொருள்களையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை எண்ணி நீளம் எழுதுவது

என்பிடியில் ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் 2 பைட்டில் அதன் நீளம் இருக்கும். அது பைட் கணக்கு. ‘அம்மா’ என்பது கண்ணுக்கு 3 எழுத்து, பைத்தான் 5 என்று சொல்லும், கோப்பில் பிடிக்கும் இடம் 15 பைட். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. எமோஜியில் இன்னொரு சிக்கல்: எழுத்தைப் பைட்டுகளாக மாற்றும் ஜாவாவின் திருத்திய யுடிஎஃப்-8 முறையில் ஓர் அடிப்படை எமோஜிக்கு 6 பைட், வழக்கமான முறையில் 4. சோதனைக் கோப்பில் ஒரு பலகைக்கு ‘அம்மா’ என்றும் அதன் பக்கத்தில் ஒரு எமோஜியும் எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள்.