துடுப்பு இயந்திரமும் என் கீழ்முதுகும்

படகுத் துடுப்பு வலிப்பதுபோல உட்கார்ந்து இழுக்கும் உடற்பயிற்சிக் கருவியான ரோயிங் மெஷின் வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரமே கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் இழுத்தால் வால் எலும்பு கெட்டியான இருக்கையில் அழுந்தி எரியும். அதைத் தாங்க முடியாமல், என்னை அறியாமலேயே முதுகைக் கூன்போட்டு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் சோபாத் தலையணை ஒன்றை வைத்துக் கட்டினேன். சுத்த முட்டாள்தனம். ஒவ்வோர் இழுப்புக்கும் உடம்பு தள்ளாடியது, வலி கூடியது.

பிறகு 6 மில்லிமீட்டர் யோகா விரிப்பை இருக்கை அளவுக்கு வெட்டி, இரண்டு அடுக்காக ஒட்டினேன். பின்விளிம்பில் வால் எலும்பு படும் இடத்தை இரண்டு விரல் அகலத்துக்கு லாடம்போல வெட்டியெடுத்தேன். அந்த வெட்டின் இருபுறமும், பின்பாதியில் மட்டும், அடியில் இன்னொரு பட்டை. இந்தச் சிறு சரிவுதான் இடுப்பை முன்னே சாய்த்து முதுகைத் தானாக நிமிர வைத்தது. நழுவாமலிருக்க வெல்க்ரோ ஒட்டினேன். துணி உறை மட்டும் வேண்டாம். என்னுடையது இருக்கைச் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது.

கூடவே, இழுப்பின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் டாம்பர் நெம்புகோலை 10-இலிருந்து 4-க்கு இறக்கினேன். இப்போது இருபது நிமிடம் வலியில்லாமல் ஓடுகிறது. மிஞ்சிய விரிப்புத் துண்டு மிக்ஸிக்கு அடியில் போயிருக்கிறது. அதன் சத்தமும் குறைந்துவிட்டது.