மிட்டாய் குடுக்காமலே பல்லு சொத்தையா? மரச்சீனி அவிச்ச தண்ணில வீட்டுலயே செஞ்சு பாருங்க

எங்க மொவளுக்கு ஏழு வயசு. மிட்டாய் நாங்க வாங்கியே குடுக்க மாட்டோம், ஆனாலும் கடவாப்பல்லு ரெண்டுல சொத்தை. நாகர்கோவில்ல பல் டாக்டர் பாத்துட்டு, "ஸ்கூல் விட்டு வந்தா என்ன திம்பா?"ன்னு தான் மொதல்ல கேட்டாங்க. ஏத்தங்கா சிப்ஸ், பிஸ்கட், மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி தான்). அந்த மாவுச்சத்து வாயிலயே சீனியா மாறுதுன்னாங்க, எனக்கு நம்பவே முடியல, அதான் வீட்டுல செஞ்சு பாத்தேன்.

தேவையானது: மரச்சீனி அவிச்ச தண்ணி (கஞ்சித்தண்ணியும் போதும்), மெடிக்கல்ல புண்ணுக்கு குடுக்குற போவிடோன் அயோடின், ரெண்டு கண்ணாடி கிளாஸ், ஒரு வெள்ளத் தட்டு. ஆயின்மென்ட் வாங்கிராதீங்க, தண்ணி மாதிரி இருக்குறது தான் வேணும். எவர்சில்வர் தட்டுல கலர் சரியா தெரியாது.

ஸ்டெப் 1: ஒரு ஸ்பூன் கிழங்குத் தண்ணிக்கு பத்து ஸ்பூன் பச்சத்தண்ணி விட்டு கலக்கி, ரெண்டு கிளாஸ்லயும் பாதிப்பாதி ஊத்துங்க.

ஸ்டெப் 2: வாய நல்லா கொப்புளிச்சுட்டு, ஊறி வர்ற எச்சில ஒரு ஸ்பூன் அளவு ஒரு கிளாஸ்ல துப்புங்க. இன்னொண்ணுல ஒரு ஸ்பூன் வெறும் தண்ணி.

இங்க தான் நான் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன். பச்சத்தண்ணி விடாம, அடுப்புல இருந்து எறக்கின சூட்டோட எச்சில கலந்துட்டேன், அரை மணி நேரம் ஆகியும் ஒரு மாத்தமும் இல்ல, அயோடின் பழசோன்னு வேற பாட்டில் கூட வாங்கினேன். விஷயம் என்னன்னா மாவ உடைக்கிறது எச்சில்ல இருக்க அமிலேஸ்ங்கிற என்சைம், கொதிக்கிற சூட்டுல அது செத்துரும். தொட்டா வெதுவெதுன்னு இருக்கணும், அவ்வளவு தான் சூடு.

ஸ்டெப் 3: ஒரு ஸ்பூன் தண்ணில ரெண்டு சொட்டு அயோடின் கலந்து, தட்டுல வரிசையா பொட்டு வச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு கிளாஸ்ல இருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து தனித்தனிப் பொட்டுல விடுங்க. மாவு இருந்தா அயோடின் கருநீலமாயிரும், அதனால வெறும் தண்ணி விட்ட கிளாஸ் ஒவ்வொரு தடவையும் கருநீலமாவே வரும். எச்சில் கிளாஸ் மொதல்ல நீலம், அப்புறம் கத்தரிப்பூ கலர், பெறவு செம்பழுப்பு, கடைசில அயோடினோட மஞ்சள் மட்டும் தான் நிக்கும். மாவு உடைஞ்சு மால்டோஸ்ங்கிற சர்க்கரை ஆயிட்டு.

இனி பாக்டீரியா. சொத்தைல முக்கியமான ஆளு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், கிளார்க்னு ஒருத்தர் 1924ல சொத்தப் பல்லுல இருந்து பிரிச்செடுத்தது. அதால நேரா மாவ உடைக்க முடியாது, ஆனா கோர்டோனைன்னு அதோட சொந்தக்கார பாக்டீரியா ஒண்ணு அமிலேஸ தன் மேலயே ஒட்ட வச்சுக்கும். அப்படி உடைஞ்சு வர்ற சர்க்கரைய எல்லாம் சேந்து தின்னு லாக்டிக் ஆசிட் விடும், பல்லு மேல பிஎச் (புளிப்ப அளக்குற கணக்கு, கொறையக் கொறைய புளிப்பு கூடும்) 5.5க்கு கீழ போனா பல்லோட மேல் ஓடான எனாமல் கரைய ஆரம்பிக்கும். சீனி அளவுக்கு வெறும் சோறு மோசமில்ல, ஆனா பல்லிடுக்குல அப்பி நிக்கிற சிப்ஸ், பிஸ்கட், கூட சீனி போட்ட சாயா, இது தான் ரொம்ப மோசம்.

அப்டேட்: எலுமிச்சம்பழம் பிழிஞ்சா நீலம் உடனே போயிட்டு, அப்போ மாவு உடைஞ்சிட்டான்னு ஒரு அக்கா கமென்ட்ல கேட்டிருந்தாங்க. இல்லக்கா, அது வைட்டமின் சி அயோடினோட கலரத் தான் எடுக்கு, மாவு அப்படியே தான் கெடக்கு. புளிப்பே சேக்காதீங்க.

ஸ்டெப் 4 தான் எனக்கு ரொம்ப முக்கியம். சிப்ஸ் தின்னு ஒரு மணி நேரம் கழிச்சு மொவளுக்க கடவாப்பல்லு நடுவுல ஃபிளாஸ் (பல்லிடுக்க சுத்தம் பண்ற நூல்) விட்டேன், கடுகு அளவுக்கு மஞ்சளா ஒரு துண்டு வந்துது, தட்டுல வச்சு அயோடின் விட்டதும் கருப்பாயிட்டு. (அயோடின வாய்க்குள்ள விடவே கூடாது.) பல்குத்தி எனக்குப் பிடிக்காது, ஈறு கிழியும், நூல் ஃபிளாஸ் தான் நல்லது. இப்போ எங்க வீட்டுல சிப்ஸ் சாப்பாட்டோட மட்டும் தான், தின்ன உடனே தண்ணி கொப்புளிக்கணும், ராத்திரி ஃபிளாஸ் விட்டுட்டு ஃபுளோரைடு பேஸ்ட்ல தேச்சா அப்புறம் தண்ணி தவிர வேற ஒண்ணும் கெடையாது, ஏன்னா தூங்கும்போது எச்சில் ரொம்ப கொறஞ்சுரும், ஆசிட்ட கழுவி விட ஆள் இல்ல.