தண்ணீர்மலைச் சாலையில் ஒரு தொண்டு: முதல்முறை திட்டமிடும் மாணவர் மன்றங்களுக்கு

தைப்பூசத்தன்று மலேசியாவின் பினாங்கில் தண்ணீர்மலைச் சாலையில் காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். மலையடிக்கு வந்து சேர்ந்த பிறகும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். அந்தக் கால்கள் வரும் வழியில் தேங்காய் ஓட்டுச் சில்லும், முறிந்த பிளாஸ்டிக் கரண்டியும், சிந்திய சர்பத்தும் கிடக்கும். எங்கள் பள்ளித் தொண்டர் மன்றம் ஒரு தண்ணீர்ப் பந்தலின் முன்னால் உள்ள சாலைத் துண்டை மட்டும் சுத்தமாக வைத்திருக்கிறது. பொறுப்பாசிரியராக நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் போய்க் கேளுங்கள்

எங்கள் முதல் ஆண்டுத் திட்டம் வகுப்பறையிலேயே முடிவானது. மறுசுழற்சி பற்றித் துண்டறிக்கை அச்சடித்து, சட்டை தைத்து, வழியில் போவோர் கையில் எல்லாம் கொடுத்தோம். சாயங்காலம் அதே துண்டறிக்கைகளைச் சாலையிலிருந்து நாங்களே பொறுக்கினோம். மாணவர்களின் உழைப்பில் குறை இல்லை. யாருக்கு என்ன தேவை என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை.

மறு ஆண்டு, தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மூன்று மாணவர்களைப் பந்தல் போடும் ஒரு பெரியவரிடம் அனுப்பினேன். "ஐயா, நாங்க என்ன செஞ்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன்.

"பெரிய குப்பைய மாநகர் மன்ற ஆளுங்க வந்து அள்ளிருவாங்க, தம்பி. அவங்க வர்ற வரைக்கும் நடக்குறவங்க காலுக்குத்தான் பயம்" என்றார் அவர்.

திட்டம் அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. முந்தின நாள் முருகனின் வெள்ளி ரதம் ஜார்ஜ்டவுனில் 'கோயில் வீடு' எனப்படும் இடத்திலிருந்து புறப்பட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்கு வரும் வழியெங்கும் தமிழரும் சீனரும் தேங்காய் உடைக்கிறார்கள். குவியலை எந்திரம் வாரிவிடும். சாலையோர இடுக்கில் தங்கும் சில்லுதான் மறுநாள் காலில் ஏறும். இது மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது.

படி 2: வேலையைச் சுருக்குங்கள்

ஒரு பந்தல், அதன் இரு பக்கமும் ஐம்பது மீட்டர், நான்கு மணி நேரம். முதல் ஆண்டுக்கு இது போதும். நீங்களே பந்தல் போட ஆசைப்பட வேண்டாம். முறையாக அனுமதி பெற்ற பந்தல்காரர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். மின்சாரம், கழிவறை, நிழல் எல்லாம் அங்கே இருக்கும்.

படி 3: கெர்த்தாஸ் கெர்ஜா (திட்ட அறிக்கை)

நோக்கம், இடம், நேரம், பெயர்ப் பட்டியல், செலவு, பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும். முதல்வர் கையெழுத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் கொடுங்கள். தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை; பள்ளி இல்லாத நாளில் மாணவர்களை அழைத்துப் போவதால் பெற்றோர் ஒப்புதல் கடிதம் இல்லாமல் ஒருவரையும் சேர்க்காதீர்கள்.

அந்தக் கடிதத்தில் இது ஒரு சமய விழா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எங்கள் மன்றத்தில் மலாய், சீன மாணவர்களும் உண்டு. வருவதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. வர முடியாதவர்கள் முந்தின வாரம் பொருள் வாங்குவது, மறுவாரம் கணக்கு எழுதுவது என்று பங்கெடுக்கலாம். யாரும் ஒதுங்கி நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

புறப்பாட (வகுப்புப் பாடத்துக்கு வெளியேயான நடவடிக்கை) புள்ளிக்காக வரும் மாணவரையும் நான் வரவேற்கிறேன். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு அதற்கென்றே இருக்கிறது. பிள்ளைகள் அதை நினைப்பதில் தவறில்லை. ஆனால் சான்றிதழில் அழகாகத் தெரியும் என்பதற்காக வேலையை மாற்றாதீர்கள்.

படி 4: ஆளும் பொருளும்

24 பேர் என்றால் ஆறு ஆறாக நான்கு குழு. இரண்டு குழு வேலை செய்யும்போது இரண்டு குழு நிழலில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுங்கள். ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறை என்று 48 ஜோடி, நீளமான இடுக்கி, துடைப்பம், முறம், கனமான பைகள், முதலுதவிப் பெட்டி. மாணவர்கள் கட்டாயம் காலணி அணிய வேண்டும். கோயிலுக்குள் போகும்போது கழற்றிக்கொள்ளலாம்.

எல்லாரும் மறக்கும் பொருள் வாளி. குடித்து மிச்சம் வைத்த கோப்பையை அப்படியே பையில் போட்டால் பை கனத்துக் கிழிந்து, பிரித்து வைத்ததெல்லாம் நனைந்து வீணாகும். அதனால் குப்பைத் தொட்டிக்கு முன்னால் ஒரு வாளி வையுங்கள். மிச்சத்தை அதில் ஊற்றிவிட்டு, கோப்பையை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். மூன்று பையில் வந்தது ஒரு பையில் அடங்கும்.

பினாங்கில் 2016 ஜூன் முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. ஆகவே மக்களுக்குப் பழக்கம் உண்டு. தொட்டியைச் சரியாக வைத்தால் பிரித்தே போடுவார்கள். மூன்று தொட்டி போதும்: போத்தலும் டின்னும், உணவு, மற்றவை. காகிதக் கோப்பையின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதைக் காகிதத்தோடு சேர்க்காமல் "மற்றவை"யில் போடுங்கள். எழுத்தை மட்டும் நம்பாமல், ஒரு நிஜப் போத்தலைத் தொட்டியின் மேல் கட்டித் தொங்கவிடுங்கள். தூரத்திலிருந்தே புரியும்.

படி 5: அன்றைக்கு

காவடி வருவது தெரிந்தால் ஓரமாக நகர்ந்து நில்லுங்கள். துடைப்பத்தோடு குறுக்கே ஓடவே கூடாது. காவடிக்கும் அடுத்த காவடிக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளிதான் உங்கள் நேரம். ஓட்டுச் சில்லைக் கையால் எடுக்க வேண்டாம், முறம் இருக்கிறது. வேல் குத்தியவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் பல நாள் விரதமிருந்து நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள்.

படி 6: பிறகு

பைகளைக் கொக்கித் தராசில் நிறுத்து, வகைவாரியாக எழுதிவையுங்கள். போத்தலையும் டின்னையும் மறுசுழற்சி மையத்தில் சேர்த்துவிடுங்கள்; பினாங்கில் த்சூ சீ அறநிறுவனத்தின் மையங்கள் உண்டு. அந்த வாரத்திலேயே ஒருநாள் எல்லாரும் கூடிப் பேசுங்கள். எது சரியாக அமையவில்லை என்று முதலில் இளைய மாணவர்களைச் சொல்லச் சொல்லுங்கள், அண்ணன் அக்காக்கள் பேசிய பிறகு அவர்கள் வாய் திறப்பதில்லை.

கணக்கை எழுதிய தாளோடு பந்தல்காரரிடம் மறுபடியும் போங்கள். எங்கள் மாணவர்கள் போனபோது அந்தப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "அடுத்த வருஷம் வாளிய நாங்களே வாங்கி வச்சிர்றோம், நீங்க ஆளுங்கள மட்டும் கூட்டிட்டு வாங்க" என்றார்.